அறுவடைக்கு முந்திய மாதங்கள்: வங்காளத்து நௌகாவ் கஞ்சா வேளாண்மையும் காலனியக் கலால் ஆவணங்களும் (1877–1917)

ஆய்வுச் சுருக்கம்

கஞ்சா குறித்த காலனிய ஆவணங்கள் பெரும்பாலும் கலால் வருவாய், மனநோய், தடைக்கொள்கை ஆகிய மூன்று நோக்குகளில் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. அதே ஆவணங்கள் ஒரு வேளாண் வரலாற்றையும் தம்முள் கொண்டுள்ளன. ராஜஷாஹி மாவட்டத்து நௌகாவ் வட்டாரத்தில் திறந்த வயலில் விளைந்த கஞ்சாப் பயிருக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் நேர்ந்த இடர்களையும், அவற்றை உழவர்கள் எதிர்கொண்ட முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வரி வசதிக்காகப் பயிரை ஒரு சிறு வட்டத்துக்குள் குவித்த அரசு, அக்குவிப்பால் பெருகிய இடரை உழவரிடமே விட்டது என்பதும், அவ்விடரைக் கூட்டாகத் தாங்கும் பழக்கம் 1917-இல் தோன்றிய கூட்டுறவுச் சங்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது என்பதும் இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: கஞ்சா மஹால், நௌகாவ், இந்தியக் கஞ்சா ஆணையம், பயிர்நோய், கலால், கூட்டுறவு.

முன்னுரை

1893 மார்ச் 2 அன்று பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் மதுவிலக்கு இயக்கத்தவரான வில்லியம் ஸ்ப்ரோஸ்டன் கெய்ன் வங்காளத்துக் கஞ்சா பற்றி ஒரு வினா எழுப்பினார். அதன் தொடர்ச்சியாக அவ்வாண்டு ஜூலையில் இந்திய அரசு ஏழு உறுப்பினர் கொண்ட ஓர் ஆணையத்தை அமைத்தது. மாக்வொர்த் யங் தலைமையேற்ற இவ்வாணையத்தில் மூவர் இந்தியர். அவர்களுள் ஒருவரான தாஹிர்பூர் ராஜா சசி சேகரேஸ்வர் ராய், நௌகாவ் அடங்கியிருந்த அதே ராஜஷாஹி மாவட்டத்து நிலக்கிழார். 1,193 சாட்சிகளின் கூற்றுகளைத் திரட்டி 1894-இல் ஆணையம் அளித்த அறிக்கை ஏழு தொகுதிகளாய் மூவாயிரம் பக்கங்களைக் கடந்தது.

கஞ்சா பித்துப்பிடிக்கச் செய்யுமா, அதைத் தடை செய்யலாமா என்னும் வினாக்களே அறிக்கையின் மையம். ஜேம்ஸ் மில்ஸ் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்களின் ஆய்வுகளும் இவ்வினாக்களையே முதன்மைப்படுத்தின. ஆயினும், ஒரு பொருளைத் தடை செய்ய இயலுமா என்பதை முடிவுசெய்ய அது எங்கே, எவ்வாறு, யாரால் விளைவிக்கப்படுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதனால் அறிக்கையில் நாற்றங்காலும் பாரும் பிண்ணாக்கும் இடம்பெற்றன. இக்கட்டுரை அப்பகுதிகளை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது.

வட்டாரமும் ஆவணங்களும்

ராஜஷாஹி, தினாஜ்பூர், போக்ரா ஆகிய மூன்று மாவட்டங்களின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில் ‘கஞ்சா மஹால்’ எனப்பட்ட நிலப்பரப்பு அமைந்திருந்தது. இதன் தலைமையிடம் நௌகாவ். இங்கு உரிமம் பெற்ற உழவர் மட்டுமே கஞ்சா பயிரிடலாம். உரிமம் ஆண்டுதோறும் பெறப்பட வேண்டியது. விளைந்த சரக்கு எடையிடப்பட்டு, அரசின் கண்காணிப்பிலிருந்த ‘கோலா’ எனப்பட்ட கிடங்குகளில் வைக்கப்பட்டது. வெளியூர் வணிகர் தீர்வை செலுத்தி, அனுமதிச் சீட்டுடன் அதைக் கொண்டு சென்றனர்.

இவ்வட்டாரத்தைப் பற்றி இரு தனி அறிக்கைகள் ஆணையத்துக்கு முன்னரே எழுதப்பட்டிருந்தன. முதலாவது, துணை ஆட்சியராயிருந்த ஹேமசந்திர கேர் எழுதி 1877-இல் வெளிவந்தது. இரண்டாவது, 1893-இல் டேவிட் பிரெய்ன் எழுதியது. பிரெய்ன் அப்போது கல்கத்தா அரசுத் தாவரவியல் பூங்காவின் உலர்தாவரக் காப்பாளர். பின்னாளில், 1905 முதல் 1922 வரை, லண்டன் கியூ தோட்டத்தின் இயக்குநர். முன்னவர் வருவாய்த்துறையைச் சார்ந்தவர், பின்னவர் தாவரவியலாளர். இருவர் அறிக்கைகளையும் ஆணையம் விரிவாகப் பயன்படுத்திக்கொண்டது.

பயிரின் நாட்காட்டி

நௌகாவ் கஞ்சா மழைக்கால இறுதியில் வயலேறிப் பனிக்காலத்தில் பூத்து, கோடைக்கு முன் அறுவடையான பயிர். வெள்ளம் ஏறாத மேட்டுநிலமே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிழல் விழாத, நீர் தேங்காத, மணல் கலந்த வண்டல் மண் விரும்பப்பட்டது. கோடையிலிருந்தே நிலம் பலமுறை உழப்பட்டது. ஆகஸ்டில் நாற்றங்காலில் விதை தூவப்பட்டது. செப்டம்பரில் நாற்றுகள் பிடுங்கப்பட்டுப் பார்களின்மேல் நடப்பட்டன. நவம்பர்த் தொடக்கத்தில் அடிக்கிளைகள் கழிக்கப்பட்டு, சாணி எருவும் பிண்ணாக்கும் இடப்பட்டு, பார்கள் மீண்டும் அணைக்கப்பட்டன. டிசம்பர் அளவில் பாசனம் தரப்பட்டது. ஜனவரியில் பூங்கொத்துகள் முற்றின. பிப்ரவரியில் அறுவடை நடந்தது.

அறுத்த செடிகள் களத்தில் வெயிலில் வாடவைக்கப்பட்டு, ஆட்களால் காலால் மிதிக்கப்பட்டு, மீண்டும் உலர்த்தப்பட்டன. மிதிக்கும் முறைக்கேற்பத் தட்டைக் கஞ்சா, உருட்டுக் கஞ்சா என இரு வகை பிரிந்தது. உதிர்ந்த பூந்துண்டுகள் ‘சூர்’ என்னும் பெயரில் மூன்றாம் வகையாயின.

இந்நாட்காட்டியில் கவனிக்கத்தக்கது பூக்கும் பருவத்தின் இடம். கஞ்சா குறும்பகல் செடி. இரவு நீளும்போது பூக்கத் தொடங்கும். மழை ஓய்ந்த பிறகு பூத்து, ஆண்டின் மிக வறண்ட மாதங்களில் முற்றும்படி நௌகாவ் உழவர் விதைப்பைப் பின்தள்ளி வைத்திருந்தனர். இளவேனிலிலேயே முளைத்து மழைக்காலம் முழுவதும் வளரும் காட்டுச்செடிக்கு இந்தக் காலவரையறை இல்லை. பிசின் செறிந்த பூங்கொத்து மழையில் நனையாதிருக்க வேண்டும் என்பதே இவ்வேளாண்மையின் முதற்காப்பு.

போத்தாரின் பணி

கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. சந்தைக்குரிய பிசின் பெண் பூங்கொத்தில் சேர்கிறது. மகரந்தம் பட்டுக் கருவுற்ற பூங்கொத்து விதை பிடிக்கத் தொடங்கும். சரக்கின் தரம் வீழும். எனவே ஆண்செடிகளை அவை பூப்பதற்கு முன்பே அகற்றியாக வேண்டும். இதற்கென நவம்பர் நடுவில் வயலுக்கு அழைக்கப்பட்டவர் ‘போத்தார்’. ஆங்கில ஆவணங்கள் இவரைக் ‘கஞ்சா வைத்தியர்’ என்றும் குறித்தன.

போத்தாரின் திறன், செடி தன் பாலை வெளிப்படையாகக் காட்டுமுன் அதைக் கண்டறிவதில் இருந்தது. இலைக்கக்கத்தில் அரும்பும் சிறு மொட்டின் வடிவே அவருக்கு அடையாளம். வரிசை வரிசையாய் நடந்து, ஐயத்துக்குரிய செடிகளை அவர் வெட்டிச் சென்றார். அதன்பின் உழவரே வயலைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தனர். ஒருமுறை களைந்தால் போதாது என்பதற்குத் தாவரவியல் காரணம் உண்டு: பிந்தி வளரும் ஆண்செடிகள் முதற் பார்வைக்குத் தப்பலாம், பெண்செடியிலேயே சில ஆண்பூக்கள் பின்னர் தோன்றுவதும் உண்டு.

மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு செல்லக்கூடியது. ஓர் உழவர் தம் வயலில் விட்டுவைத்த ஆண்செடி அண்டை வயல்களின் விளைவையும் கெடுக்கும். கஞ்சா வயல்கள் அடுத்தடுத்து அமைந்த ஒரு வட்டாரத்தில் இப்பணி தனிமனிதப் பொறுப்பாக மட்டும் நின்றிருக்க இயலாது. தெரிந்த ஒருவரை அழைத்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் எல்லா வயல்களிலும் களையெடுப்பு நடந்தமை, ஊர் தழுவிய ஓர் ஒழுங்கு இருந்ததைக் காட்டுகிறது. சட்டம் விதித்த உரிம ஒழுங்கோடு உழவர் தாமே பேணிய இவ்வொழுங்கும் நௌகாவ் வேளாண்மைக்கு அடிப்படையாயிற்று.

அறுவடையை நெருங்கும் நோய்

மகரந்தத்தைத் தடுத்தபின் எஞ்சும் பேரிடர் அழுகல். விதை பிடிக்காத பெண் பூங்கொத்து பருத்துக்கொண்டே போகும். பூவிதழ்களும் சிற்றிலைகளும் நெருங்கி, உள்ளே காற்றுப் புகாத திரளாகும். சந்தை மதிக்கும் அதே அடர்த்தி நோய்க்கும் இடமாகிறது. பனியோ மழைத்துளியோ உள்ளே தங்கினால் எளிதில் உலராது. குளிர்ந்த ஈரக்காற்றில் தழைக்கும் சாம்பல் நிறப் பூஞ்சணம் (போட்ரைட்டிஸ் சினேரியா) இத்தகைய பூங்கொத்துகளைத் தாக்குவதாக இன்றைய தாவர நோயியல் காட்டுகிறது. முதலில் கொத்துக்குள்ளிருந்து ஓரிரு இலைகள் மஞ்சளித்து வாடும். பிறகு உட்பகுதி பழுப்பாகி, மேலே சாம்பல் நிறப் படலம் படரும். வெளியே தெரியும்போது உள்ளழுகல் முற்றியிருக்கும். பாதித்த கொத்தை மீட்க வழியில்லை. வெட்டி அகற்றி, எஞ்சியதைக் காக்கலாம். தண்டைத் தாக்கும் ஸ்கிளிரோட்டீனியா அழுகலும், வேரைப் பற்றும் ஃபியூசேரியம் வாடலும் கஞ்சாவில் அறியப்பட்ட பிற பூஞ்சை நோய்கள்.

வேர் ஒட்டுண்ணியான ஒரோபாங்கியும் கஞ்சாக் குடும்பப் பயிர்களின் பழைய பகை. தமிழ்நாட்டு உழவர் இதைப் ‘புகையிலைக் காளான்’ என அறிவர். பெயரில் காளான் எனினும் இது பூக்கும் செடியே. பச்சையம் அற்றது, பயிரின் வேரை உறிஞ்சி வளர்ந்து, பயிர் முற்றும் வேளையில் மண்ணுக்கு மேலே தலைகாட்டும். தூள்போன்ற இதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஒரே பயிரை ஒரே மண்ணில் தொடர்ந்து விளைவிப்போர்க்கு இது தீராத் தொல்லை.

இவ்விடர்களுக்கு எதிராக நௌகாவ் உழவரிடம் மருந்து ஏதும் இல்லை. செப்பும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோ கலவை பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் 1885-இல்தான் அறிமுகமானது. இந்திய அரசில் பூஞ்சைநோய்க்கெனத் தனி அறிவியலாளராக எட்வின் பட்லர் அமர்ந்தது 1901-இல். அவர் எழுதிய பயிர்நோய் நூல் 1918-இல் வெளிவந்தது. ஆணையம் நௌகாவை ஆராய்ந்த 1893-இல் உழவருக்கு இருந்த காப்பு அனைத்தும் வேளாண் முறைக்குள்ளேயே அடங்கியது. மேட்டுநிலமும் பாரும் வேரைத் தேங்குநீரிலிருந்து விலக்கின. அடிக்கிளைகளைக் கழித்தமை செடிகளுக்கிடையே காற்றோட்டம் தந்தது. அறுவடை வறண்ட பருவத்தில் அமைந்தமை பூங்கொத்தை ஈரத்திலிருந்து காத்தது. அறுத்தவுடன் வெயிலில் வாட்டியமை அறுவடைக்குப் பிந்திய பூசணத்தைத் தடுத்தது. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் வேறு நோக்கங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் நோய்த்தடுப்பு அவற்றின் கூட்டு விளைவு என்பதில் ஐயமில்லை.

ஏட்டில் ஏறாத இழப்பு

கலால் நிர்வாகம் பயிரை இரண்டு அளவுகளால் அறிந்தது. ஒன்று உரிமம் பெற்ற பரப்பு. மற்றொன்று கிடங்கில் சேர்ந்த எடை. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்தவை நிர்வாகத்துக்குக் கண்காணிப்புச் சிக்கலாகவே தோன்றின. பரப்புக்கேற்ற எடை வரவில்லையெனில் எழும் முதல் ஐயம் கள்ள விற்பனை. பனியாலோ அழுகலாலோ குறைந்த எடையும், மறைத்து விற்றதால் குறைந்த எடையும் ஏட்டில் ஒரே எண்ணாகவே தெரியும். நோயின் சுமை உழவருக்கு இவ்வாறு இரட்டிப்பாகும் வாய்ப்பு இம்முறையிலேயே பொதிந்திருந்தது: விளைச்சலும் குறையும், நம்பகமும் குறையும்.

நேர்மாறான ஒரு நிகழ்வு இலங்கையில் நடந்தது. 1869-இல் அங்குக் காப்பித் தோட்டங்களில் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் இலைத்துரு கண்டறியப்பட்டது. அதை ஆராய்வதற்கென்றே 1880-இல் ஹாரி மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிவியலாளர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். நோயை அவரால் நிறுத்த இயலவில்லை. ஆனால் பரந்த நிலத்தில் ஒரே பயிரை இடையறாது வளர்த்தமையே நோய் பரவத் துணைநின்றது என்பதை அவர் ஆய்வு தெளிவாக்கியது. காப்பி வீழ்ந்தபோது தமிழகத்திலிருந்து சென்று தோட்டங்களில் உழைத்தோர் வாழ்வும் குலைந்தது. அவர்களின் இழப்பு ஆய்வுக்குக் காரணமாயிருக்கவில்லை. தோட்ட முதலாளிகளின் முதலீடே அரசை அசைத்தது.

நௌகாவில் அத்தகைய முதலீட்டாளர் இல்லை. பயிரிட்டோர் சிறு உழவர். பிரெய்ன் போன்ற தாவரவியலாளர் அங்கு அனுப்பப்பட்டபோதும், அவர்முன் வைக்கப்பட்ட வினா செடியின் நலம் பற்றியதன்று; எந்தச் சரக்கில் எவ்வளவு போதை, எதற்கு எவ்வளவு தீர்வை என்பதே அரசுக்கு வேண்டியிருந்தது. ஒரே காலத்தில், ஒரே பேரரசின் கீழ், ஒரு பயிரின் நோய் அறிவியல் வினாவாயிற்று. மற்றொன்றின் நோய் உழவரின் சொந்தத் தொல்லையாக நின்றது.

ஆணையத்தின் முடிவும் சென்னை மாகாணமும்

முழுத்தடை தேவையுமன்று, உகந்ததுமன்று என்பது ஆணையத்தின் முடிவு. அதற்கு ஆணையம் கண்ட காரணங்களுள் வேளாண்மை சார்ந்ததும் ஒன்று. பங்கி காட்டுச்செடியிலிருந்தும் கிடைப்பதால் அதைத் தடுப்பது கடினம். கஞ்சாவோ பண்படுத்திய வயலில், ஆண்செடி களைந்து, உழைத்து விளைவிக்க வேண்டியது. எனவே பயிரிடும் இடத்தைச் சுருக்கி, உரிமத்தாலும் தீர்வையாலும் அதைக் கட்டுப்படுத்தலாம். இதற்கு முன்மாதிரியாக வங்காள முறையை ஆணையம் பிற மாகாணங்களுக்கும் பரிந்துரைத்தது. போத்தாரின் திறனும் உழவரின் விழிப்பும் இவ்வாறு கொள்கைக்கு அடித்தளமாயின.

சென்னை மாகாணத்தின் நிலை வேறு. கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூரும் வட ஆற்காட்டு ஜவ்வாது மலையும் கஞ்சா விளைந்த முதன்மை இடங்கள். இவற்றுக்கு வெளியே வீட்டுப் புழக்கடையில் ஒன்றிரண்டு செடி வளர்க்கும் வழக்கமும் இருந்தது. இச்செடி தென்னாட்டில் நெடுநாள் அறியப்பட்டது என்பதற்கு 1690-இல் வெளிவந்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ பத்தாம் தொகுதி சான்று. ஆண்செடியும் பெண்செடியும் அதில் இரு மலையாளப் பெயர்களில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன.

சிதறிக் கிடந்த இத்தகைய வளர்ப்பு கலால் அதிகாரிகளின் பார்வையில் குறைபாடு. பயிர்நோய் நோக்கில் அது ஒரு காப்பும் ஆகும்: ஒரு புழக்கடையில் தோன்றிய அழுகல் அடுத்த ஊரை எட்டுவது அரிது. வங்காள முறையைப் பின்பற்றி வளர்ப்பை ஓரிரு இடங்களில் குவிப்பது வருவாய்க்கு நன்று. நோய் தோன்றினால் அவ்விடங்களின் உழவர் அனைவரையும் ஒருங்கே தாக்கும் சூழலையும் அது உண்டாக்கும். ஆணையம் இவ்விளைவைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை.

கூட்டுறவுச் சங்கம்

1917-இல் நௌகாவ் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. உறுப்பினரின் விளைச்சலைச் சங்கமே பெற்று விற்றது. இடைத்தரகர் விலகினர். ஈட்டிய பொருளால் வட்டாரத்தில் பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் சாலைகளும் உருவாயின. இச்சங்கத்தின் தோற்றத்தைக் கலால் நிர்வாகத்தின் வசதி என்றோ, 1904, 1912 ஆண்டுகளின் கூட்டுறவுச் சட்டங்களின் விளைவு என்றோ மட்டும் விளக்குவது போதாது. அரசு வரைந்த ஒரே வட்டத்துக்குள், ஒரே பயிரை, ஒரே காலத்தில் விளைவித்து, அண்டை வயலின் கவனத்தையே தம் காப்பாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் அவ்வுழவர்கள். அவர்களுக்குக் கூட்டாகச் செயல்படுவது புதிதன்று. சங்கம் அப்பழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தது எனக் கருத இடமுண்டு.

1947-க்குப் பின் நௌகாவ் கிழக்குப் பாகிஸ்தானிலும், 1971 முதல் வங்காளதேசத்திலும் அடங்கியது. 1961-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் ஒற்றை உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை அது நடைமுறைக்கு வந்த 25 ஆண்டுகளுக்குள் நிறுத்தக் கோரியது. நௌகாவில் பயிரிடுதல் 1987-இல் முடிவுற்றது.

முடிவுரை

நௌகாவ் கஞ்சா வேளாண்மையின் வெற்றி, அறுவடைக்கு முந்திய மாதங்களில் உழவரும் போத்தாரும் காட்டிய விழிப்பைச் சார்ந்திருந்தது. மகரந்தம், ஈரம், அழுகல், ஒட்டுண்ணி ஆகிய இடர்களுக்கு அவர்கள் கண்ட விடைகள் விதைப்புக் காலத்திலும், பார் அமைப்பிலும், கிளை கழித்தலிலும், களையெடுப்பிலும் பதிந்திருந்தன. அரசு இவ்வறிவின் பயனைத் தீர்வையாகப் பெற்றது; தடை வேண்டாம் என்னும் கொள்கைக்கும் இவ்வறிவையே சான்றாக்கியது. பயிரைக் குவித்ததால் பெருகிய இடரில் மட்டும் பங்கேற்கவில்லை.

கலால் ஆவணங்களை வேளாண் வரலாற்றுச் சான்றுகளாக வாசிக்கும் இம்முறை தமிழகத்துக்கும் பொருந்தும். ஜவ்வாது மலை மலையாளிகளின் பயிர்முறை பற்றி 1893–94 சாட்சியங்களில் உள்ள குறிப்புகள், மாவட்டக் கையேடுகள், வனத்துறைப் பதிவுகள் ஆகியவற்றை ஒப்பிட்டு வாசித்தால், உரிமத்துக்கு முந்திய மலை வேளாண்மையில் பயிர்க்காப்பு எவ்வாறு நடந்தது என்னும் வினாவுக்கு விடை தேட முடியும். குற்றப்பொருளாக மட்டுமே இன்று பேசப்படும் ஒரு செடியைச் சட்டப்படி விளைவித்து வாழ்ந்த உழவரின் உழைப்பும் அறிவும் அவ்வாய்வில் உரிய இடம் பெறும்.